ஒரு வாளி பொங்கல்

பதினெட்டு வருடங்களாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். செரிமானப் பாடம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஆளுக்கு ஒரு பிடி சோற்றை விழுங்காமல் மெல்லச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் "இனிக்குது மிஸ்!" என்று வகுப்பே கத்தும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது என்று, என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி விளக்குவேன்.

பெருங்களத்தூரில் எங்கள் புது ஃப்ளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். பசுவும் கன்றும் வந்தே ஆக வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் பால் வியாபாரம் செய்யும் ஓர் அக்கா மினி டெம்போவில் இரண்டையும் கொண்டுவந்தார். மூன்றாவது மாடிக்கு மாடு எப்படி ஏறும்? கீழே பார்க்கிங்கிலேயே பூஜை முடிந்தது. பசுவைத் தூணில் கட்டிவிட்டு அக்கா டீ குடிக்கப் போனார்.

பந்தி முடிந்து ஒரு பெரிய வாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல் மிச்சம். குப்பையில் கொட்ட மனசு வரவில்லை, பசுவுக்குப் போட்டால் புண்ணியமாவது சேரும் என்று நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அது வழித்துத் தின்றதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தார்.

"டீச்சர், மாடு எழுந்துக்கவே மாட்டேங்குது. அசை போடல. நேத்து இன்னா குடுத்தீங்க?"

ஆட்டோ பிடித்து ஓடினேன். மாடு கண் குழிந்து படுத்துக் கிடந்தது. புளித்த மாவு நாற்றம். கால்நடை மருத்துவர் அதன் வாய் வழியாக சமையல் சோடாக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு போட்டீங்க என்று கேட்டார். ஒரு வாளி என்றேன். கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"மாட்டு எச்சில்ல மாவுச்சத்தை உடைக்கிற அந்த என்ஸைம் கிடையாதும்மா. வயித்துல இருக்கிற நுண்ணுயிருங்கதான் புல்லை மெதுவா புளிக்க வெச்சு செரிக்குது. வெந்த சோறு இவ்ளோ போனா ஒரேயடியா ஆசிட் ஆயிடும். இப்ப ரத்தத்துலயும் ஏறிடுச்சு."

எத்தனை நூறு தடவை அமைலேஸ், அமைலேஸ் என்று கத்தியிருப்பேன்! யாருடைய எச்சிலில் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

மதியம் மாடு செத்துப்போனது. கன்று கத்திக்கொண்டே இருந்தது.

அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அழுது முடித்துவிட்டு நிதானமாகத்தான் கேட்டார்.

"நீங்க சயின்ஸ் டீச்சர்தான? இதெல்லாம் பாடத்துல வராதா?"

"அடுத்த பக்கத்துலயே இருக்குக்கா" என்றேன். "பரீட்சைல கேக்க மாட்டாங்கன்னு நான்தான் விட்டுடுவேன்."