ஆகாசக் கப்பலுக்கு ஒரு ‘போயிட்டு வா’

சாரம் பகுதியில் தணிகாசலம் வைத்திருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி அமுதவல்லி, மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டாள். பழகியவர்களுக்குப் புரிந்துவிடும். “சரிக்கா, போயிட்டு வரேன்” என்பார்கள். அப்புறம்தான் சில்லறை கைமாறும். வருஷக்கணக்காக இப்படித்தான்.

அவள் பிறந்தது கனகசெட்டிக்குளத்தில், மீன்பிடிக்கிற வீட்டில். கடலுக்குக் கிளம்புகிறவனை ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது, ‘போ’ என்றும் சொல்லக் கூடாது என்பது நடக்கப் பழகும்போதே அவளுக்குப் பழகிய சங்கதி. எட்டாவதோடு படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கை தூக்கிச் சந்தேகம் கேட்டவளில்லை. கல்யாணமாகிச் சாரத்துக்கு வந்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த விளையாட்டு அவளிடம் ஒட்டிக்கொண்டது. இரண்டாயிரத்து ஆறு என்று நினைவு. அருள்முருகன் என்ற இன்ஜினியரிங் மாணவன் தினமும் வந்து அதை விளையாடுவான். பிரான்ஸில் ஒரு சின்னக் கம்பெனி இணையத்தில் நடத்திய விளையாட்டு அது. ஆளுக்கு ஒரு கிரகம். அங்கே சுரங்கம் தோண்டி, எரிபொருள் சேர்த்து, கப்பல் கட்டி, நட்சத்திரம் நட்சத்திரமாக அனுப்ப வேண்டும். கப்பல் போய்ச் சேரவே நாள்கணக்கில் ஆகும். வகுப்புக்குப் போகிற நேரத்தில் கப்பலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அமுதவல்லியிடம் விட்டுப்போவான்.

“ஏன் தம்பி, கம்ப்யூட்டர நிறுத்திட்டா கப்பல் எங்க நிக்கும்?” என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்.

“நிக்காதுக்கா. போயிட்டேதான் இருக்கும்.”

“கடையப் பூட்டிட்டா?”

“ஊருக்கே கரண்டு போனாலும் போகும்.”

சொல்லிவைத்தாற்போல் அன்று மத்தியானமே மின்சாரம் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் சலித்துக்கொண்டு காற்றுக்கு வெளியே வந்தார்கள். அமுதவல்லி மட்டும் அணைந்த திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கறுத்த கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ கப்பல்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த வாரம் அருள்முருகன் அவளுக்கும் ஒரு கிரகம் பிடித்துக் கொடுத்தான். கனகசெட்டிக்குளம் என்று பெயர் வைக்கப்போனால் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ‘கனகசெட்டி’யோடு வெட்டுப்பட்டது. “உன் கிரகத்துக்குச் செட்டியார் மட்டும்தான் வந்திருக்காரு, குளம் வரலே” என்று தணிகாசலம் கிண்டலடித்தான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏழு கப்பல் கட்டினாள். செல்வாம்பாள், ரஞ்சிதம், அன்னக்கிளி என்று அம்மா, சித்தி, தங்கைகளின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தாள். படத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு நட்சத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து வரட்டும் என ஏழையும் அனுப்பினாள்.

அவை போய்ச் சேர்ந்தன. அங்கேயே நின்றன.

“என்ன தம்பி, திரும்பவே காணோம்?”

அருள்முருகன் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “அக்கா! வர்றதுக்கு எண்ணெய் வைக்கலியா நீங்க? இருந்ததெல்லாம் போட்டு ஒரேயடியா தள்ளிவிட்டுட்டீங்களே!”

“அனுப்புன்னுதானே போட்டிருந்திச்சு. அனுப்புனா, போயிட்டு வர்றதுதானே?”

“இதுல அனுப்புனா போறது மட்டும்தான். வர்றதுக்கு நாமளே கணக்குப் போட்டு எண்ணெய ஒதுக்கணும். என் கப்பல அனுப்பலாம்னா, என் கிரகத்துலேர்ந்து அங்க போகவே டேங்க் பத்தாது.”

கப்பலுக்குள் ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேர், எத்தனை நாள் சாப்பாடு என்று பக்கத்திலேயே காட்டியது. மாதக் கடைசியில் சாப்பாடு தீர்ந்ததும் கப்பல் ஆட்களோடு மறைந்துவிடும்.

“ஏ அமுதா, பொம்மைக் கப்பலுக்கா சோறு எறங்காம உக்காந்திருக்கே?” என்றான் தணிகாசலம்.

“நான் போன்னு சொல்லிட்டேங்க” என்றாள் அவள்.



ஆட்டக்காரர்கள் குறைநிறை எழுத அந்த விளையாட்டில் ஒரு பக்கம் உண்டு. எழுதுவதை எல்லோரும் படிக்கலாம். பிரான்ஸில் தூலோன் நகரத்தில் இருக்கும் மகளுக்கு மெயில் அனுப்ப வியாழக்கிழமைதோறும் புருஷோத்தமன் வருவார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சு தெரிந்தவர். ஐயா என்பதற்குப் பதில் எல்லோரும் அவரை ‘முசியே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அமுதவல்லி அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் மெயிலை முடித்து, கண்ணாடியைத் துடைத்து, திரும்பிப் பார்க்கும்வரை நின்றாள்.

“என்னம்மா, டைம் முடிஞ்சிட்டுதா?”

“இல்லீங்க முசியே. போயிட்டு வான்றதுக்குப் பிரெஞ்சுல என்னங்க?”

“போன்னா ‘வா’. வான்னா ‘வியேன்’.”

“போன்னா வாவா?”

“பிரெஞ்சுக்காரனுக்கு அப்படித்தான்” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் சற்று யோசித்தார். “ரயில் டிக்கெட்ல ஒண்ணு போட்டிருப்பான். அலே-ரெத்தூர். போறதும் வர்றதும் சேர்ந்தது.”

“ஒரே சொல்லாங்க?”

“ஒரே சொல்லுதான். நடுவுல சின்னதா ஒரு கோடு.”

“அந்தக் கோடுதாங்க வேணும்” என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவர் அந்தப் பக்கத்தில் பிரெஞ்சில் தட்டினார். எங்கள் ஊரில் யாரையும் ‘போ’ என்று அனுப்புவதில்லை. உங்கள் விளையாட்டில் ‘போ’ மட்டும்தான் இருக்கிறது. திரும்பி வருகிற எரிபொருளை முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு அனுப்புகிற மாதிரி ஒரு கட்டளை வேண்டும். தெரியாமல் அனுப்பிய என் ஆட்கள் நீல நட்சத்திரத்தில் நிற்கிறார்கள்.

மறு வியாழன் பதில் வந்திருந்தது. புருஷோத்தமன் இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னார்: “நல்ல யோசனையாம். செய்றோம்னு எழுதியிருக்கான். ஆனா முன்னாடி போனத நாங்க இழுத்து விட முடியாது, மத்த ஆட்டக்காரங்களுக்கு அது நியாயமில்லேன்னுட்டான்.”

கடல் தாண்டி ஒருவன் தன் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துப் பதில் எழுதியிருக்கிறான் என்பதே அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. ஆனாலும் கண் திரையை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுக் கணக்கு குறைந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து நீல நட்சத்திரத்தைச் சுற்றி மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் நாலைந்து. யாரோ சண்டைக்கு வருகிறார்கள் என்று அவள் பயந்துபோய் அருள்முருகனைக் கூப்பிட்டாள். அவன் பார்த்தான். ஒவ்வொரு புள்ளியாக அழுத்தித் திறந்தான்.

“சண்டை இல்லக்கா. எண்ணெய் எடுத்துட்டு வர்றாங்க. நீங்க எழுதினதப் படிச்சிருக்காங்க.”

பெயர்களைப் பார்த்தாள். சிலவற்றின் எழுத்தே இன்ன எழுத்து என்று தெரியவில்லை. எந்தெந்த ஊரோ, அங்கே இப்போது பகலோ இருட்டோ. கட்டுமரம் கவிழ்ந்தால் சுற்றியிருக்கிற படகெல்லாம் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்புவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறாள். ஆகாயத்திலும் அப்படித் திரும்புவார்கள் என்று அவள் எண்ணிப்பார்த்ததே இல்லை. கும்பிடத் தோன்றி, கடையில் ஆள் இருக்கிறதே என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் தாங்கள் திரும்பத் தேவையானதை வைத்துக்கொண்டு மீதியை ஊற்றிவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு கப்பல்காரன் மட்டும் இருந்ததையெல்லாம் ஊற்றிவிட்டு அங்கேயே நின்றான்.

“கெளம்புங்கக்கா, சாப்பாடு தீரப்போவுது!” என்று அருள்முருகன் பறந்தான்.

“அவரு நிக்கிறாரே தம்பி.”

“அவன் தெரிஞ்சேதான் வந்திருக்கான்.”

“தெரிஞ்சு வந்தா, விட்டுட்டு வந்துடலாமா?”

செல்வாம்பாளில் இருந்த ஆட்களை மற்ற ஆறு கப்பல்களுக்கும் மாற்றச் சொன்னாள். அதிலிருந்த எரிபொருளை முன்பின் தெரியாத அந்த ஆளின் கப்பலுக்கு ஊற்றச் சொன்னாள். அது நகர்ந்த பிறகுதான் தன்னுடையவற்றைக் கிளப்பினாள். மாதக் கடைசிக்கு முன்னால் ஆறும் வீடு வந்து சேர்ந்தன. அன்று தணிகாசலம் கேட்காமலே எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான்.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. அந்த விளையாட்டில் ‘அனுப்பு’ பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தான் இருக்கிறது. அதில் அலே-ரெத்தூர் என்று, நடுவில் கோட்டோடு, எழுதியிருக்கிறது. ஆளில்லாத கப்பலுக்குச் சாப்பாடு வேண்டாம், அதனால் அது மறையாது. எண்ணெய் இல்லாமல் செல்வாம்பாள் இன்னும் நீல நட்சத்திரத்தில்தான் நிற்கிறது. அது திரும்பும் நாளைப் பார்த்துக்கொண்டு அமுதவல்லி சாரத்தில் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.