தவளை வாயில் ஒரு கல்வெர்ட்

எங்கள் ஏரி நிரம்பி இரண்டு தடவை மறுகால் போன வருடம். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் தக்காளியை மாட்டுக்குப் போட்டோம். அந்த மாட்டுக்கும் காதில் மஞ்சள் வில்லை அடித்து நம்பர் கொடுத்தார்கள். அந்த வருடம் கார்த்திகை தீபம் முடிந்து எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, டவுன் நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போய்வந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் செல்வி டைப் அடிக்கிறாள். பழைய வரைபடம் தேடிப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

சாலையை அகலப்படுத்துகிறார்கள். அதற்கு அடியில் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும் கல்வெர்ட் ஒன்று இருக்கிறது. சேறும் முள்ளும் மூடி அதன் வாய் தெரியாது. அதற்கு முதல் நாள், சாலை போடும் எஞ்சினியர் தம்பியிடம் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல தேடிட்டோம் பெரியவரே, இல்ல."

"கம்ப்யூட்டர்ல இல்லன்னா பூமியிலயும் இல்லயா சார்?"

"படத்தைக் காட்டுங்க, விட்டுடறேன். புதன்கிழமை பத்து மணிக்கு கான்கிரீட்."

கான்கிரீட் விழுந்தால் ஏரி போச்சு; அதை நம்பிய என் முக்கால் ஏக்கரும் போச்சு. அந்த அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் வரைபடம் தூக்கியவன் நான். கிளம்பிவிட்டேன்.

அடி அண்ணாமலையில் காலை 9.10க்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய், ஏழு கிலோமீட்டர். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பெருசு, கிரிவலமா?"

"எங்க ஊரே கிரிவலப் பாதையிலதான் கீது. நான் தூங்கறதே கிரிவலம்தான், ஓட்டு."

ஆசிரமம் பக்கம் செருப்பில்லாத வெள்ளைக்காரர்கள் சாலையைக் கடந்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. 9.45க்கு அலுவலகம்.

பீரோக்கள் காலி. எல்லாம் கம்ப்யூட்டருக்குள். அதைப் பார்த்துக்கொள்கிற பெண் பெயர் கவிதா. வரைபடத்தின் கீழ் மூலையில் இருக்கும் பெயரை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பதிந்திருக்கிறார்கள். கரையான் முதலில் தின்பதும் அந்த மூலையைத்தான். அப்படிப் பெயர் போனவை இருநூற்றுப் பன்னிரண்டு.

"கவலப்படாதம்மா. நம்ம படத்துல என் டீ கிளாஸ் வட்டம் இருக்கும்."

"கறையெல்லாம் ஸ்கேன் பண்ணும்போதே தொடச்சிட்டோங்க ஐயா."

"என் அடையாளத்தையே தொடச்சிட்டியேம்மா!"

கட்டில் அகலக் காகிதம் திரையில் சாப்பாட்டுத் தட்டாகிக் கிடந்தது. முழுதாகப் பார்த்தால் எறும்பு. பெரிதாக்கினால் யானையின் ஒரு கால். நாற்பது படம் பார்த்தும் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. எழுந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அங்க ஒயர்தாங்க ஐயா இருக்குது."

"அந்தக் காலத்துல எஞ்சினியர் அந்தப் பக்கம் உக்காருவாரு. நான் எதிர்ல நின்னு மூலையைப் பிடிப்பேன். எல்லாப் படத்தையும் தலைகீழாதாம்மா பாத்திருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு பட்டனை அமுக்கினாள். படம் தலைகீழானது. அத்தனையும் எனக்குப் பழகிய முகங்கள்! நூற்று முப்பத்தேழாவதில் எங்கள் ஏரி, படுத்த தவளை மாதிரி.

"தவளை வாய்கிட்டப் பெருசாக்கு."

இரண்டு கோடு. கல்வெர்ட். மைல்கல்லிலிருந்து நாற்பத்திரண்டு மீட்டர் என்று கவிதா படித்தாள். எஞ்சினியர் தம்பி வந்து பார்த்தார், பிறகு நேராகத் திருப்பிப் பார்த்தார், பிறகு போனை எடுத்து, "நாளைக்கு கான்கிரீட் வேணாம், முதல்ல தோண்டுங்க" என்றார். ஒழுங்கான பெயரைப் பதிந்துவிட்டு, பக்கத்தில் "தவளை" என்றும் சேர்த்தாள் கவிதா. மாலை நாலரைக்குள் இன்னும் எழுபது படத்துக்குப் பெயர் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியன்று போகாதீர்கள், ஆட்டோ வராது. படத்தின் நம்பர் இல்லையென்றால் ஏரி, ஓடை, யார் நிலத்துக்குப் பக்கம் என்று சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

மேசையைவிட நீளமான சுருள்கள் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவற்றின் மறுகோடியைப் பிடித்தவர்கள் வேறு மூன்று பேர். முனுசாமி போய்விட்டார், அப்துல் பாயும் போய்விட்டார். உங்கள் படம் அந்தச் சுருளில் இருந்தால் சீக்கிரம் வேங்கிக்காலுக்குப் போங்கள். மிச்சம் இருப்பது அந்த ஊர்ப் பச்சையம்மாள் ஒருத்திதான்.