நைனாவுக்கு ஒரு நாற்காலி

நானாகத் தேடிக் கல்யாணம் செய்துகொண்டதால், நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பா நான்கு வருடமாக என் வீட்டுப் பக்கம் வரவில்லை. சித்தூரிலிருந்து திருப்பதி எத்தனை தூரம்? மலைக்கு வருவார், சாமி கும்பிடுவார், அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவார். போன வருடம் அவருக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் நான் கூட இருந்ததில் மனசு கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். ஒருநாள் போன் செய்து, "ஞாயித்துக்கெழம வரேன். தரையில குந்த முடியாது, பாத்துக்கோ" என்றார்.

எங்கள் வீட்டில் இருந்தது கால் கோணிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்து உட்காராமல் போனால் வரவே இல்லை என்றுதான் அர்த்தம். அவர் உட்கார வேண்டும், ஒரு வாய் காப்பி குடிக்க வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு லாட்ஜில் பழைய சாமான்களைக் கழித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், நான்கு நாற்காலியும் இரண்டு ஸ்டூலும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சட்டம் நல்ல தேக்கு. மேலே ரெக்சின்தான் கிழிந்து தொங்கியது. "இத ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். கையைக் கட்டிக்கொண்டு யோசனை சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கவிழ்த்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் இருக்கை தனியே வந்துவிடுகிறது. ரெக்சினைப் பிரித்தால் உள்ளே பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கூடவே ஹேர்பின்கள், கொலுசுத் திருகு, மொட்டை போட வந்த எத்தனை குடும்பத்து முடியோ! மூக்கைக் கட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே கூட்டினேன். மெத்தைக் கடையில் வெட்டி மிஞ்சிய ஃபோம் மலிவாகக் கிடைத்தது. பின் அடிக்கிற துப்பாக்கியின் விலையைக் கேட்டதும் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சின்ன ஆணி ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன்.

துணிதான் என் யோகம். திரைச்சீலைக் கடையின் கட்பீஸ் மூட்டையில் குங்குமச் சிவப்பில், தங்க நிறப் பூ போட்ட கனத்த துணி அகப்பட்டது. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பூ சரியாக நடுவில் வரும்படி டேப் வைத்து அளந்தேன். எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துப் பிடித்து, மூலைகளைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்து ஆணி அடித்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது பெருமை தாங்கவில்லை. அந்தத் திமிரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்விட்டார். மாமனார் முகத்தில் விழிக்கப் பயந்து, அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட ஷிஃப்ட் அது.

நைனா வந்தார். நெற்றியில் நாமம், கையில் வேர்க்கடலைப் பை. "குந்து நைனா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். முதுகுச் சட்டத்தைப் பிடித்து மெல்லக் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். நாற்காலியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தேவுடா! இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற? பெருமாள் மேல குந்தச் சொல்றியா?"

அப்போதுதான் பார்த்தேன். என் பூவுக்கு ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் சக்கரம், நடுவில் நெட்டுக்குத்தாக நாமம். பூஜை அறைக்குப் போடும் திரைத்துணி! ஆட்டோ, பஸ், பால் கடை, காலண்டர் என்று ஊரெங்கும் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது வெறும் பூவாகிவிட்டது.

மேலே துண்டை விரித்தேன். "பெருமாள மூடிட்டுக் குந்துனா சரியாப் பூடுமா?" என்றார். கட்டிலைக் காட்டினேன். பெண் குடித்தனம் பண்ணுகிற கட்டிலில் அப்பன் உட்காருவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்காலி கேட்கலாம் என்று ஓடினால் கீழ்வீடு பூட்டியிருந்தது.

"வூட்டப் பாத்துட்டன் இல்ல, கெளம்பறேன்" என்று கடலைப் பையை ஜன்னலில் வைத்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நாலு வருசம் கழிச்சி வந்து நின்னுகினே போவியா? போ!" என்று கத்திவிட்டு, குறடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அவர் போகவில்லை. சுவரில் சாய்ந்து, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றார். "கவுக்காத! பக்கமாச் சாச்சி ஸ்க்ரூவக் கழட்டு" என்றார். "வூடு கட்றவங்கூட இத்தினி ஆணி அடிக்க மாட்டான்" என்றார். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். முட்டி வலிக்கிறது என்று தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிரித்த துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றி, மடித்து பீரோ மேல் வைத்தார்.

கடைசியில் வெறும் ஃபோம் மேல் உட்கார்ந்தார். புஸ்ஸென்று இறங்கியது. காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எனக்கு அப்படியொரு நிம்மதி. டம்ளரை வாங்கிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சா நைனா?" என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"அதியும் பிரி. மாப்ள வேலையிலேந்து வந்தா எங்க குந்துவாரு?"

குறடை எடுத்தேன். ஓர் ஆணியும் கண்ணுக்குத் தெரியவில்லை.