தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மாடு

என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்து, அது கொரோனா என்று தெரிந்த அன்றே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார்கள். தெருவே மாடியில் ஏறி நின்று செல்போனில் படம் பிடித்தது. கணவர் சிங்கப்பூரில். வீட்டில் நானும் என் மகளும் மட்டும்தான். வண்டி கிளம்பிய சூட்டோடு பஞ்சாயத்து ஆட்கள் வந்து, வாசலுக்குக் குறுக்கே சவுக்குக் கழி நட்டுத் தகரம் அடித்தார்கள்.

எங்கள் மாட்டுக் கொட்டகை தெருவுக்கு அந்தப் பக்கம். கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகாத மாடு அங்கே நின்றது. கன்று பாலைக் குடித்துவிடாமல் இருக்க, அதை வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்தோம்.

வேலையை மேற்பார்வை பார்த்த அதிகாரியிடம், "சார், மாட்ட மட்டும் உள்ள ஓட்டிக்கிறேன்" என்றேன்.

"உள்ள இருக்கறது உள்ள, வெளில இருக்கறது வெளில. அதாம்மா ரூல்ஸ். மாட்டுக்கு யாராச்சும் தண்ணி காட்டுவாங்க."

காட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா, எங்களிடமே பால் வாங்குகிறவர், வைக்கோலைக் கழியால் தள்ளிவிட்டார். கறக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. தகர இடுக்கு வழியாக அவரிடம் கெஞ்சினேன்.

"கையெடுத்துக் கும்புடறேங்க்கா. பால நீங்களே எடுத்துக்குங்க, இல்லன்னா கீழ ஊத்திடுங்க. மடிய மட்டும் காலி பண்ணிவிடுங்க."

"ஒங்க மாமியார் கை பட்ட மடிடி அது. எனக்கும் புள்ளைங்க இருக்கு." உள்ளே போய்விட்டார்.

மாடு கத்தியது. கொல்லையிலிருந்து கன்றும் கத்தியது. முதலில் காம்புகளில் பால் தானாகச் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது. மடி கல்லாக இறுகி, மாடு பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் பொறுக்காமல் என் மகள் தகரத்தை உதைத்தாள். ரோந்து வந்த போலீஸ்காரர் வெளியிலிருந்து லத்தியால் தட்டினார்.

"இன்னொரு தடவ சத்தம் வந்துச்சு, கேஸ் போட்டுருவேன்."

சில நாளில் மாடு கத்துவதை நிறுத்திவிட்டது. கன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அடுத்த அலையில் அந்த எதிர்வீட்டு அக்காவின் கணவர் மூச்சு முட்டிச் செத்தார். அதனால் நோயை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். வீட்டை அடைத்தது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மாடு நுழையும் அளவுக்குத் தகரத்தை விலக்கியிருந்தால் எந்தக் கிருமி தப்பி ஓடியிருக்கும்? இதை யாரிடம் கேட்டாலும், அந்த நேரத்தில் அப்படித்தான் என்கிறார்கள்.

தகரம் அடித்த இரண்டாம் வாரம் மாமியார் தேறி வந்தார். ஓர் இருமல்கூட இல்லை. தகரத்தைப் பிரித்ததும் கால்நடை டாக்டர் வந்து காம்பைப் பிழிந்தார். சீழும் ரத்தமும் வந்தன.

"இனிமே இது கறக்காதும்மா."

மாமியார் அன்றே மாட்டுத் தரகரை வரச் சொன்னார். தரகர் வந்து மடியை அமுக்கிப் பார்த்தார். உதைக்கக்கூட மாட்டுக்குத் தெம்பு இல்லை.

"கறிக்குத்தான் போகும். பரவால்லீங்களா?"

"ஏத்துங்க" என்றார் மாமியார்.

வீங்கிய மடி பலகையில் இடிக்க இடிக்க, இரண்டு பேர் வாலை முறுக்கி அதை லாரியில் ஏற்றினார்கள்.