முறிந்த அம்பின் எண்

“எண் 17. ஐப்பசி 22. சூளைக் கூரையின் மேல் ஒன்பது நாள் உலர்த்தியது. நேராக இருக்கிறது. தட்டினால் ஓசை தெளிவு. தேறியது.”

சென்ற ஆண்டு என் அம்பு நோட்டில் நானே எழுதிய குறிப்பு இது. இதை இந்த ஆடி மாதத்தில் எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்பதை மட்டும் நான் குறித்து வைக்கவில்லை.

ஆடி 11 அன்று ஒரு கடிதம் வந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மூங்கில் வில்லும் மூங்கில் அம்பும் வைத்துப் பழகும் சிறு குழு ஒன்று அவர்கள் ஊரில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான விருத்தாசலத்துக்கு வந்து எங்களோடு அம்பு எய்துவிட்டுப் போனவர். அம்புக்கெல்லாம் எண் போட்டு நான் நோட்டு எழுதுவதை அன்று பார்த்திருக்கிறார். அவர் கேட்டது இரண்டு கேள்விகள். ஓர் அம்பு எத்தனை காலம் உழைக்கும்? மழைக்காலத்தில் மூங்கிலைச் சீக்கிரம் உலர்த்த ஏதாவது வழி உண்டா?

அன்றே பதில் எழுதியிருக்கலாம். பீங்கான் பொம்மை செய்யும் ஒரு யூனிட்டில் சூளையின் வெப்பப் பதிவேட்டை எழுதுவது என் வேலை. மணிக்கொரு முறை பார்த்து எழுதி எழுதி, எதையும் தேதியோடு எழுதாவிட்டால் நடக்காததுபோல் தோன்றும் நோய் எனக்கு வந்துவிட்டது. ஆகவே முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விதான் பேனாவை நிறுத்தியது.

நாங்கள் எய்வது யூனிட்டுக்குப் பின்னாலுள்ள காலி இடத்தில். ஞாயிறு காலை மட்டும். நான், என் அக்கா, அக்கா வீட்டுக்காரர். மாமா களிமண் லாரி ஓட்டுகிறார். வில் கட்டத் தெரிந்தவர் அவர்தான். அக்கா எங்கள் யூனிட்டிலேயே பினிஷிங் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த ஒட்டுத் தடத்தைச் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கும் வேலை. “வாரம் பூரா குனிஞ்சே கெடக்குறேன், ஒரு நாளாச்சும் நெஞ்ச விரிச்சி நிக்கிறேன்” என்று சொல்லித்தான் அவள் வில்லை எடுத்தாள். மூவரில் குறி தவறாதவள் அவள்தான்.

குறி தவறும் அம்புகளின் ஆயுள் எங்கள் ஊரில் குறைவு. வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்குக்கு இடப்பக்கம் சீமைக் கருவேலம் புதர். வலப்பக்கம் சூளையில் விரிசல் விட்ட பொம்மைகளைக் கொட்டும் குவியல். பிள்ளையார் தலையும் செட்டியார் தொப்பையும் அங்கே கிடக்கும். அதில் பட்டால் இரும்பு முனை மழுங்கும், அல்லது தண்டுக்குள் நசுங்கி ஏறும். எண் 3 இரண்டே ஞாயிறுதான் இருந்தது. அன்று மாமா குவியலைக் கிளறிவிட்டுச் சொன்னார்: “மச்சான், புள்ளையாரு காதப் பேத்துட்டியே, இனிமே நீ வேண்டுறது அவருக்கு எப்படிக் கேக்கும்?”

மற்றபடி ஓர் அம்பில் முதலில் போவது இறகு. சேத்தியாத்தோப்பு சந்தையில் வான்கோழி விற்பவரிடம் வாங்கி வருவோம். ஒரு மழைக்காலம் தாங்கும், அதற்குள் பூச்சி அரித்துவிடும். அதை மாற்றிக்கொள்ளலாம். அடுத்து, நாணில் பொருத்தும் வால் பள்ளம் பிளக்கும். நூல் சுற்றி ஒட்டினால் இன்னும் சில மாதம் ஓடும். முனை மூன்று முறை மாற்றிய அம்பு இருக்கிறது. தண்டு போனால்தான் அம்பு போனது. நிழலில் மாதக்கணக்கில் உலர்த்திய தண்டு, மாசியில் செய்தது, அடுத்த தையிலும் எங்களிடம் இருந்தது. எண் 7 அப்படிப்பட்டது. எங்களிடம் இருந்தவற்றில் மூத்த அம்பு.

நான் படித்த புத்தகங்களில் அம்புகள் மழையாகப் பொழிகின்றன, மலையைத் துளைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அம்பறாத்தூணி வருகிறது. எய்யும்போதே ஓர் அம்பு கையில் முறிந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

ஐப்பசியில் எட்டு அம்புகளுக்கு மூங்கில் கொண்டுவந்தோம். மழை விடவில்லை. நிழலில் வைத்தால் பூசணம் பூத்தது. எங்கள் யூனிட்டில் மழைக்காலத்தில் சூளையின் மேல் காயாத பொருள் இல்லை. மோல்டு காயும், சீருடை காயும், வத்தல் காயும். ஒருமுறை ஒருவருடைய நனைந்த ரேஷன் கார்டு காய்ந்தது. நானும் தண்டுகளை அங்கேதான் அடுக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எல்லோரும் சரி என்றே சொல்லியிருப்பார்கள். ஒன்பது நாள் கழித்து எடுத்து, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சூளையிலிருந்து வந்த பொம்மையை அப்படித்தான் பார்ப்போம். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் உள்ளே விரிசல். எட்டும் கணீரென்றன. நிழலில் காய்ந்த பழைய அம்புகள்கூட அவ்வளவு தெளிவாக ஒலித்ததில்லை.

அக்காவும் ஒன்றை எடுத்துத் தட்டிவிட்டு, “ஐய, வெண்கலமாட்டம் இருக்குதுடா” என்றாள்.

13 முதல் 20 வரை எண் போட்டேன். தண்டின் நடுவில், மார்க்கரால். பிறகு எல்லா அம்புக்கும், பழையதும் புதியதுமாக, ஒரே எண்ணெயைப் பூசினேன். இறகு, நூல் எல்லாம் ஒரே கட்டிலிருந்து. கலந்தே பயன்படுத்தினோம்.

தை 6, ஞாயிறு. காலையில் முதல் சுற்றிலேயே என் அம்பு ஒன்று கருவேலம் புதருக்குள் போனது. அதன் எண்ணைப் பார்க்காமல் எய்திருந்தேன். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டேன். நோட்டில் அன்று “ஒன்று புதரில்” என்று மட்டும் இருக்கிறது. அந்த நோட்டில் எண் இல்லாத ஒரே வரி அது.

இரண்டாம் சுற்றில் அக்கா முழுதாக இழுத்து விட்டாள். கிளை முறிவதுபோல் ஒரு சத்தம். இலக்கில் எதுவும் பாயவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“தம்பி, அம்பு போவலடா” என்றாள்.

அம்பு அவள் இடது கையில் இருந்தது. வில்லைப் பிடித்த கையின் கட்டைவிரலுக்குக் கீழே சதையில் மூங்கில் சிம்புகள் ஏறியிருந்தன. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மாமா தோளிலிருந்த துண்டை உருவினார். அதைக் கையில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று சிம்புகள் எடுத்தார்கள், தையல் போட்டார்கள். வரும் வழியில் அவள், “கட்டவெரலு எனுக்கே சொந்தமில்லாத மாரி இருக்குது” என்றாள். மரத்துப்போன விரல் தையல் பிரித்தபின்னும் மரத்தே இருந்தது.

மாசியில் வேலைக்குத் திரும்பினாள். ஈரப் பொம்மையை இடது கையில் ஏந்தும்போது விரலின் அழுத்தம் விரலுக்கே தெரிய வேண்டும். கொஞ்சம் கூடினால் பள்ளம் விழும். மதியத்துக்குள் பதினோரு பொம்மைகளின் கன்னத்தில் அவள் கட்டைவிரல் பதிந்துவிட்டது. அவளே அவற்றை எடுத்துப்போய் மண் கரைக்கும் தொட்டியில் போட்டாள். மறுவாரம் பேக்கிங்குக்குப் போனாள். இப்போது காகிதத்தில் பொம்மை சுற்றுகிறாள்.

முறிந்த அம்பை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். நடுத்தண்டில் “7” தெளிவாக இருந்தது. அதற்கு இடப்பக்கம் ஒரு சிம்பு உரிந்து போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு “1” இருந்ததா, வெறும் மூங்கில்தானா, தெரியவில்லை. உரிந்த சிம்புகள் ஆஸ்பத்திரிக் குப்பையில் போயின. மிச்ச அம்புகளை எண்ணிப் பார்த்தேன். 7, 17 இரண்டுமே இல்லை. ஒன்று என் கையில், மற்றது புதரில்.

ஏழு என்றால் வயதாகி முறிந்த அம்பு. பதினேழு என்றால் நான் சூளையில் வைத்துக் கெடுத்த அம்பு.

பங்குனியில் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறிப்போய் மூங்கில் ஏணி செய்பவர் ஒருவரைப் பார்த்தேன். மிச்சமிருந்த சூளை அம்பு ஒன்றைக் கொடுத்தேன். அவர் தட்டவில்லை. காதருகே வைத்து மெல்ல வளைத்தார். உள்ளே நறநறவென்று கேட்டதை எனக்கும் கேட்க வைத்தார்.

“தட்டிப் பாத்தேங்க, கணீர்னு இருந்துது” என்றேன்.

“இருக்குங்க. ஈரம் சுத்தமா செத்துப்போச்சின்னா அப்படித்தான் பேசும். இது மண்ணா, சுட்டா கெட்டியாவ? நீங்க எந்த ஊரு?”

“விருத்தாசலம்.”

“அதான பாத்தேன்” என்று சொல்லி அம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சூளை அம்புகள் அத்தனையையும் ஒடித்து அடுப்பில் போட்டேன். நோட்டில் “நீக்கப்பட்டது” என்று எழுதினேன். காரணத்துக்கான கட்டத்தை நிரப்பவில்லை. அக்காவிடமும் ஏணிக்காரர் சொன்னதைச் சொல்லவில்லை.

கோடையில் நான்கு ஞாயிறு, கொடுவாளோடு புதரில் இறங்கினேன். முள் கிழித்ததுதான் மிச்சம். அம்பு கிடைக்கவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பின் கிடைத்தாலும் கரையான் தின்று இரும்பு முனை மட்டுமே இருக்கும். ஆனாலும் பின்பக்கம் போகும்போதெல்லாம் கண் அங்கே போகிறது. இதுவும் சலித்துவிட்டது.

கடிதத்துக்கு ஆடி 28 அன்று ஒரு பதில் எழுதினேன். இறகு, வால் பள்ளம், முனை என்று முதல் கேள்விக்கு ஒரு பக்கம். அதன் முடிவில்: “எங்கள் மூத்த அம்பு எண் 7. மாசி முதல் தை வரை உழைத்து, முதுமையால் முறிந்தது.” இரண்டாவது கேள்விக்கு, “மழைக்கால உலர்த்தல் பற்றிப் போதிய அனுபவம் இல்லை” என்று ஒரே வரி. எழுதி முடித்ததும் நிம்மதியாக இல்லை. களைப்பாக இருந்தது.

அன்று அக்கா வீட்டில் சாப்பாடு. வந்த கடிதமும் என் பதிலும் சட்டைப் பையில் இருந்தன. அவளே எடுத்துப் படித்தாள்.

“பொதர்ல போன அந்தக் குச்சி கெடச்சிச்சாடா?”

“இல்லக்கா.”

“அப்ப எப்புடி ஏழுன்னு எழுதுன?”

மாமா சோற்றைப் பிசைந்தபடி, “மச்சானுக்கு அம்பு கனவுல வந்து நம்பர் சொல்லியிருக்கும்” என்றார். அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஏணிக்காரரிடம் போனதைச் சொன்னேன். சூளை மேல் வைத்தது, தட்டிப் பார்த்தது, வளைத்தபோது கேட்டது, மிச்சத்தை எரித்தது, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவள் இடது கையைத் தட்டின் ஓரத்திலேயே வைத்திருந்தாள்.

“பங்குனியிலேர்ந்து இத வச்சிக்கினு இருக்கியா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“எனுக்கு எது குத்துனா இன்னா, குத்துனது குத்துனதுதான். நானும்தான் தட்டிப் பாத்து வெண்கலம்னேன். ஆனா அவங்க மழைக்கு இன்னா பண்றதுன்னு கேட்டு எழுதியிருக்காங்க. நீ தெரியாதுன்னுட்டா, ஏதாவது அடுப்பு மேல கொண்டுபோயி வைப்பாங்க. அங்க ஒருத்தி கையி போவணுமா?”

நான் எழுதிய பதிலை என்னிடம் நீட்டினாள். “கிழிச்சிட்டு வேற எழுது. சாப்புட்டு எழுது.”

ஆவணி 1 அன்று வேறு எழுதினேன். மூங்கிலைச் சூட்டில் உலர்த்தாதீர்கள், மழை நின்று நிழலில் காயும்வரை காத்திருங்கள், தட்டிப் பார்த்து நம்பாதீர்கள், ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் காதருகே வளைத்துப் பாருங்கள் என்று முதலிலேயே எழுதினேன். சூளையில் உலர்த்தி நான் செய்த எட்டில் எதுவும் இப்போது இல்லை என்றும், அவற்றை உலர்த்தியவன் நான்தான் என்றும் எழுதினேன். அம்பின் ஆயுள் பற்றிய பக்கத்தை அப்படியே வைத்து, கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்:

“எண் 7 மாசியில் செய்தது. தை 6 வரை கணக்கில் இருந்தது. அன்று ஓர் அம்பு கையில் முறிந்தது, ஓர் அம்பு புதரில் விழுந்தது. முறிந்தது 7-ஆ, 17-ஆ என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.”