இன்னொருவர் நம்பரில் ஓடிய என் கணவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்கத்தா நியூ டவுனில் நடந்தது இது. எங்கள் வீடு அதே ஊரில் டாக்குரியாவில். என் கணவருக்கு வங்கி வேலை. ஐம்பதைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஓட்டப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. நியூ டவுனில் வருடா வருடம் அரை மாரத்தான் நடக்கும். அன்றைக்கு அந்தப் பகுதியே அமர்க்களப்படும். பெரிய சாலைகளில் வண்டி கிடையாது. அடுக்குமாடிக்காரர்கள் கீழே இறங்கி வந்து, ஓடுகிறவர்களுக்கு ஆரஞ்சுச் சுளை நீட்டுவார்கள். டீக்கடைகளில் கூட்டம் நெரியும். சவாரி இழந்த ஆட்டோக்காரர்கள் மட்டும் முணுமுணுப்பார்கள்.

அந்த வருடம் இந்த மனுஷர் பெயர் கொடுக்க மறந்துவிட்டார். அவருடைய ஆபீஸ் நண்பர், ஒரு வங்காளி, கால் பிசகிப்போய் வீட்டோடு கிடந்தார். அவர் தன் நம்பர் அட்டையைத் தூக்கி இவரிடம் கொடுத்துவிட்டார். பனியனில் நெஞ்சின்மேல் குத்திக்கொள்ளும் அட்டை. ஓட்டக்காரர்களுக்குள் இதெல்லாம் சகஜமாம். “யார்கிட்டயும் உளறி வைக்காதே. தெரிஞ்சா அடுத்த வருஷம் சேர்த்துக்க மாட்டாங்க” என்று சொல்லி, செல்போனை என் கைப்பையில் போட்டுவிட்டு ஓடிப்போனார்.

இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றவரை மூன்று மணி நேரமாகியும் காணோம். எழுபது வயதுக்காரர்கள் எல்லாம் வந்து, மெடலோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடினேன். அங்கே லேப்டாப்போடு ஒரு கல்லூரிப் பெண். கணவர் பெயரைச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, “அந்தப் பேர்ல யாரும் ஓடவே இல்லையே, காக்கிமா” என்றாள் வங்க மொழியில். காக்கிமா என்றால் சித்தி. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சுற்றிலும் ஆட்கள். பேங்க் ஆபீசர் ஆள்மாறாட்டம் செய்தார் என்று பெண்டாட்டியே எப்படிச் சொல்வது? “சரிம்மா, வந்துடுவார்” என்று அசடு வழிந்துவிட்டு, திரும்பிப் போய் ஓட்டம் முடியும் கோட்டருகே நின்றேன். இருபது நிமிஷம் நின்றேன்.

கைப்பையில் அவருடைய போன் அடித்தது. அந்த நண்பர்தான். “உங்க கணவர் மயங்கி விழுந்துட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்னு யாரோ என் மனைவிக்குப் போன் பண்ணியிருக்காங்க. நான்தான் வீட்டுல இருக்கேனே! ஏமாத்துறாங்கன்னு வெச்சுட்டாளாம். இப்பதான் சொல்றா. அவர் வந்துட்டாரா?”

அட்டையின் பின்பக்கம் இருந்ததெல்லாம் நண்பரின் விவரம். வீட்டு போன் நம்பர், ரத்த வகை, மருந்து ஒவ்வாமை இல்லை என்ற குறிப்பு. என் கணவருக்கோ வலிக்குப் போடும் ஒரு ஊசி ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது. முன்பு பல் வலிக்குப் போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சே நின்றுபோகப் பார்த்தது. விழுந்து அடிபட்டவருக்கு அதைப் போட்டுவிட்டால்?

கூடாரத்துக்குத் திரும்ப ஓடி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மானமாவது மண்ணாவது! அவள் உடனே, அடிபட்டவர்களைக் கொண்டுபோகும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஐயோ, யாராவது எடுங்களேன்! மூன்றாவது தடவை எடுத்தார்கள். அவள் மடமடவென்று பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னும் போடல, காக்கிமா. எக்ஸ்ரே முடிஞ்சதும் போடறதா இருந்தாங்களாம். நிறுத்தச் சொல்லிட்டேன்.”

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக் கிளம்பினேன்.

சாலைகள் அடைத்திருந்ததால், அவளே குறுக்கு வழியில் என்னை நடத்திக் கூட்டிப்போனாள். தோள்பட்டை எலும்பு முறிந்து, முகவாயில் தையலோடு படுத்திருந்தார். நர்ஸ் நண்பரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கூப்பிட்டுப் பார்த்தாளாம். பதில் வராததால் நினைவு தப்பியே இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் “என்னங்க” என்றதும் கண்ணைத் திறந்தார்.

இப்போது சொந்தப் பெயரில்தான் ஓடுகிறார். ஆள்மாறியதற்காக அவரை எத்தனையோ தடவை வறுத்தெடுத்துவிட்டேன். ஆனால் கூடாரம்வரை போயும் நாலு பேருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு திரும்பியதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.