கடிகாரத்தின் முதுகில் வைத்த சந்தனம்

கடைத்தெருவுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வேற்று ஆண்களின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நடந்த பெண் இராஜபாளையத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பார்த்ததோடு விட்டேனா? பட்டாளத்துக் கடிகாரம் மாதிரி தெரிந்தால் போதும், கிட்டே போய், "அண்ணே, அதச் செத்த நேரம் கழத்திக் காட்டுறியளா? பின்பக்கம் பாக்கணும்" என்று கேட்டும்விடுவேன். சிலர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். ஒருவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், போலீஸ்காரர் கையில் என்ன கடிகாரம் இருக்கிறது என்று அதையும் பார்த்துவிடுகிறேன் என்றேன். சண்டை ஓய்ந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிய காலத்தில் நான் அப்படித்தான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். அதே மில்லில் நான் நூலைச் சுற்றிச் சிட்டம் போடும் பகுதியில் வேலை பார்த்தேன். அவருக்கு மில் சங்கின் சத்தத்துக்கு எழுந்து, சங்கின் சத்தத்துக்கு வீடு திரும்புவது சீக்கிரமே சலித்துவிட்டது. சண்டைக்கு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்துகொண்டார். இயந்திரம் தெரிந்தவர் என்பதால் பாலம் கட்டுகிற, எதிரி வந்தால் அதே பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கிற பிரிவில் போட்டார்கள்.

"கட்டுறதும் நாங்கதான், ஒடைக்கிறதும் நாங்கதான்" என்று பெருமையாகச் சொல்வார்.

"அடுப்படிச் செவரு ஒண்ணு பாதியில நிக்கி. அதக் கட்டிட்டு ஒடைக்கப் போங்க" என்பேன் நான்.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் லீவில் வந்தார். அப்போதுதான் அந்தக் கடிகாரத்தை முதன்முதலில் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது, சர்க்கார் சொத்து. அழகு என்று அதில் ஒன்றும் இல்லை. தடித்த உருக்குக் கூடு, காக்கித் துணி வார், கறுத்த முகத்தில் பெரிய பெரிய எண்கள். இருட்டில் மட்டும் அந்த எண்கள் பச்சையாக மினுங்கும். முதுகுப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் அதன் கீழே ஒரு நம்பரும் வெட்டியிருந்தார்கள். மூடியைத் திருகித் திறப்பதற்காக ஓரத்தைச் சுற்றிலும் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

வந்த அன்றைக்கே அதைக் கழற்றித் தண்ணீர் அண்டாவுக்குள் போட்டுவிட்டார். என் மாமியார் அலறிவிட்டார். இவர் சிரித்துக்கொண்டே கையை விட்டு எடுத்து அம்மாவின் காதோரம் வைத்தார். ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி போகாது, மண்ணு போகாது, பக்கத்துல வெடிச்சாலும் நிக்காது" என்றார். "திரியப் பத்தவச்சிட்டு இதப் பாத்துக்கிட்டேதான் ஓடணும். இது தப்புச்சுன்னா நாங்க பாலத்தோட போயிர வேண்டியதுதான்."

அதைச் சொன்ன பிறகு அந்தக் கடிகாரத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. பொறாமையும் வந்தது. நான் போக முடியாத இடத்துக்கெல்லாம் அது அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறது. தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவார். நான் பட்டாளத்துக் கடிகாரமாகப் பிறந்திருக்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

லீவு முடிவதற்குள் ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மனையிலிருந்து அவருடைய பழைய ஸ்பானர் வரைக்கும் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்கினேன். இப்போது அவர் பட்டாளத்துக்காரர் அல்லவா, அவருடைய ஆயுதம் எங்கே? துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்களாம். அவர் குளிக்கப் போன நேரத்தில் கடிகாரத்தை எடுத்தேன். முகத்தில் வைத்தால் மணி தெரியாது என்று திருப்பி, முதுகில் நன்றாகக் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பூசைக்கு வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்று அவரையும் தொடவிடவில்லை.

மறுநாள் எடுத்தபோது சந்தனம் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிக் காரையாக இறுகியிருந்தது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! ஆபீசர் திருப்பிப் பாப்பான் தெரியுமா?"

ஊக்கை வைத்து அவர் நோண்ட, ஈரத் துணியால் நான் துடைக்க, பாதிதான் வந்தது. கொஞ்ச நேரம் கடுகடுவென்று இருந்தார். பிறகு கடிகாரத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"போகட்டும், விடு. ஒன் கை வாசம் இருக்கட்டும்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்.

ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாக அசைந்ததும் அந்தக் கைதான். அதற்குப் பிறகு அந்தக் கையை நான் பார்க்கவில்லை.

சில மாதங்களில் சப்பான்காரன் சண்டையில் இறங்கினான். பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது ஓர் ஆற்றுப் பாலத்தை உடைக்கப் போனவர்களில் அவரைக் காணவில்லை என்று தந்தி வந்தது. இறந்தார் என்று அதில் இல்லை. காணவில்லை, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? தலைக்குப் பூ வைப்பதா, வேண்டாமா? சண்டை முடிந்தும் அவர் வராததால், தாலியை இறக்கி அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாட்சி கொண்டுவாருங்கள், இறக்குகிறேன் என்றேன். என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். மறுநாள் காலையில் என் மாமியார் மல்லிகை வாங்கி என் தலைமாட்டில் வைத்திருந்தார்.

அவருடைய பிரிவிலிருந்து திரும்பி வந்த ஒருவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அவர்தான் சொன்னார்: "செத்தவன் கையில இருந்து மொதல்ல கடிகாரத்தத்தான் கழத்துவாங்க தங்கச்சி. நம்பர் போட்ட சாமான் பாத்தியளா, ஸ்டோருக்குத் திரும்பிப் போயிரும். பொறவு வேற ஒருத்தன் கைக்கு வரும். இப்ப பழச எல்லாம் ஏலம் போடுதாங்க."

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பித்து. பள்ளத்தில் சந்தனம் அடைத்த கடிகாரம் யார் கையிலாவது கிடைத்தால், அவர் இல்லை. உயிர் இருக்கும்வரை அவர் அதைக் கழற்றியிருக்க மாட்டார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். நம்பரைப் பார்த்து வைத்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். புருசன் ரயில் ஏறும்போது ஒருத்தி அவர் முகத்தைப் பார்ப்பாளா, கடிகாரத்தின் நம்பரைப் பார்ப்பாளா? எனக்கு அடையாளம் என் சந்தனம்தான். ஒவ்வொரு கடிகாரமாகத் திருப்பிப் பார்ப்பேன். பள்ளத்தில் வெறும் அழுக்குதான் என்று தெரிந்ததும் அப்பாடா என்று இருக்கும். வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுவேன். தேடுகிறவளும் நான், கிடைத்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிடுகிறவளும் நான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் இருந்த கடிகாரக் கடைக்காரர், என் தொல்லை தாங்காமல், செண்பகத்தோப்பில் பாரஸ்ட் கார்டாக வந்திருப்பவர் பழைய பட்டாளத்துக்காரர் என்றும், அவர் கையில் அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது என்றும் சொன்னார். நானும் மாமியாரும் வண்டி பிடித்துப் போனோம்.

கார்டு நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். "பட்டாளத்த விட்டு வரும்போது ஏலத்துல எடுத்ததும்மா. முன்னால யார் கையில இருந்துச்சோ தெரியாது."

அதே தடித்த கூடு. அதே பெரிய எண்கள். திருப்பினேன். அம்புக்குறி, அதன் கீழே நம்பர். சுற்றியிருந்த பள்ளங்களில் மஞ்சளாக இறுகிக் கிடந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி நோண்டினேன். துளி வந்தது. எச்சில் தொட்டுக் கசக்கி முகர்ந்தேன்.

சந்தனம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழாமல், கடிகாரத்தை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அண்டாத் தண்ணீரிலிருந்து எடுத்து மகன் தன் காதோரம் வைத்துக் காட்டியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மோர் கொண்டுவந்த கார்டின் மனைவி பதறிவிட்டாள். "என்னக்கா, என்ன ஆச்சு?" நான் மாமியார் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கித் திருப்பி, பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அய்யோ, சந்தனமா? அது நான் வச்சதுதான்க்கா! ஆயுத பூசைக்கு வச்சேன். முகத்துல வச்சா மணி தெரியாதேன்னு முதுகுல வச்சேன். அதுக்கு இவிய என்னய எம்புட்டு ஏசுனாங்க, கேளுங்க!"

"அதுக்கு முந்தி உள்ள இருந்துச்சா? சொல்லு தாயி, நீ வைக்கும்போது உள்ள ஏற்கெனவே இருந்துச்சா?"

"நான் பாக்கலையேக்கா" என்றாள் பாவம்.

முதலில் சிரித்தது என் மாமியார்தான். "ஒலகத்துல நீ ஒருத்திதான் புருசன் கடிகாரத்துக்குப் பூசை போட்டன்னு நெனச்சியாக்கும்" என்றார். நானும் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். அவர் போய்விட்டார் என்று சில நிமிடம் எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது அதுவும் இல்லை. இனி எந்தக் கடிகாரத்தைத் திருப்பினாலும் என் அடையாளம் எனக்கு ஒன்றும் சொல்லாது. எந்த வீட்டில் எவள் வைத்த சந்தனமோ!

கடிகாரத்தை நானே கார்டின் கையில் கட்டிவிட்டேன். கிளம்பும்போது அந்தப் பெண் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். எனக்கும் கை நீளவில்லை.

"எடுத்துக்கோ தாயி" என்றார் என் மாமியார். எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு யார் மணிக்கட்டையும் நான் பார்ப்பதில்லை. ஆயுத பூசைக்கு மட்டும் சந்தனம் அரைக்கும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் அரைத்துவிடுகிறேன். அவருடைய பழைய ஸ்பானருக்கு வைத்தது போக மிச்சம் கிண்ணத்தில் காய்ந்துபோகிறது. எனக்குச் சாட்சி வேண்டாம். இருக்கிறார் என்றோ இல்லை என்றோ யாரும் வந்து சொல்லவும் வேண்டாம். அந்தக் கை வேண்டும்.